அத்தான் போட்ட காவல்

என் அக்கா புருஷனுக்குச் சந்தேகம் என்பது சிலருக்குச் சர்க்கரை இருப்பது மாதிரி. தீராது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அத்தான் அதைக்கூடச் செய்ய மாட்டார். பால் பாக்கெட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். லிஃப்ட் கதவு மூடியபிறகு அதை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். "இந்தப் பஸ் அங்கே போகுமா?" என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு, அவர் போகும் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அதையே கேட்பார். நடத்துனருக்கு முகம் சுண்டிப்போகும். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். அத்தான் இழுப்பார், படியிறங்குவார், பாதிப் படியில் நின்று யோசிப்பார், திரும்ப ஏறிப்போய் இன்னும் பலமாக இழுப்பார். ஒருநாள் குடும்பத்தோடு வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது, கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. அக்கா வெலவெலத்துப் போனாள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் இவர் இழுத்த இழுப்பில் நாதாங்கி ஆணியோடு மரத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. அத்தானுக்கு அதுதான் பெரிய உறுத்தல். ஒன்றுமே எடுக்காமல் போனவன் எதற்காக வந்தான் என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவனே இல்லை என்று யார் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

இந்தக் கதையை நான்தான் ஆபீசில் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு அங்கே 'பூட்டு சார்' என்று பெயர். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துச் சோதித்துச் சொல்லும் பரிசோதனைக்கூடம் அது. கீழே கவுண்டர்கள், ரத்தம் எடுக்கும் அறைகள். மாடியில் ஒரு நீள அறை. அதில் ஒரு கோடியில் நான் போனோடு உட்கார்ந்திருப்பேன். மறு கோடியில் அத்தான். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலம் எங்கள் வெப்சைட்டில் தங்கள் நம்பரைப் போட்டால் முடிவு வந்து நிற்கும். அப்படி வந்து நிற்க வைப்பது, அதாவது அந்த வெப்சைட் ஓடும் சர்வரைக் கட்டிக் காப்பது அத்தான் வேலை. வரவில்லை என்று திட்டுகிறவர்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. இந்த வேலைக்கு எனக்குச் சிபாரிசு செய்தவரே அவர்தான். சேர்ந்த அன்றைக்கே, நான் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டேன் என்று அக்காவிடம் விசாரித்திருக்கிறார்.

அவருடைய மேஜையைச் சுவரோடு சேர்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் அறை முழுக்க அவர் பார்வையில். நாற்காலியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார் என்பதற்கு அதன் காலில் பேனாவால் ஒரு கோடு. அவர் இல்லாதபோது யாராவது உட்கார்ந்து ஏற்றி இறக்கியிருந்தால் தெரிந்துவிடும். இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனுஷன் வந்ததிலிருந்து அந்தச் சர்வர் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. சந்தேகப்பிராணி என்றாலும் நேர்மைக்காரர். தன் வேலையில் ஒரு குறை கண்டால் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். கீழே கவுண்டர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, ஒரு கவுண்டரில் இருப்பவர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிப்பார், அவரை அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். சர்வருக்குள்ளும் அதே மாதிரி ஆட்கள் உண்டு, பிராசஸ் என்று பெயர். வெப்சைட்டைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிராசஸ் போய் நிற்கும். அவருக்கு வேண்டியதைக் கொடுத்து முடிக்கும்வரை அது வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது. எல்லாப் பிராசஸும் யாரிடமாவது மாட்டிக்கொண்டிருந்தால், புதிதாக வருபவர் எவ்வளவு அவசரமாக வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அப்படியானால் ஆட்களைக் கூட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். கவுண்டருக்குள் இருக்கிற இடம் கொஞ்சம்தான், இருபது பேரைத் திணித்தால் ஒருத்தர் கையை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது, சர்வருக்கும் மெமரி என்று ஒரு இடம் உண்டு, அது நிறைந்தால் இருக்கிற வேகமும் போய்விடும் என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அவர் இந்தச் சர்வருக்கு ஒரு காவலும் போட்டிருந்தார். அவர் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்ன புரோகிராம் அடிக்கடி எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்க்கும். நோயாளி மாதிரியே ஒரு நம்பரைப் போடும், முடிவு வருகிறதா, சரியாக வருகிறதா, டாக்டர் கையெழுத்து கீழே இருக்கிறதா என்று முழுக்கப் பார்த்துவிட்டு விடும். பதில் வரத் தாமதமானால் திரும்பக் கேட்கும். அதற்கு அவர் வைத்திருந்த பெயரே 'காவல்'தான். "காவல் ஓடுது" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். யார் யார் எங்கிருந்து வெப்சைட்டைத் திறந்தார்கள் என்று சர்வர் தானாக ஒரு பதிவு எழுதிக்கொண்டே வரும். அதில் இந்தக் காவல் வந்து வந்து போவது பக்கம் பக்கமாக நிறைந்துகொண்டிருந்ததால், தன் இருக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து வருவதை மட்டும் எழுதாதே என்று சர்வரிடம் சொல்லிவைத்திருந்தார். வேண்டாதவன் எவனாவது வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று அதற்குக் காரணமும் சொன்னார். அது நடந்து பல வருஷம். அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

புதுசு வந்து சேர்ந்தது அப்புறம்தான்.

புதிதாக வருகிற எல்லோரையும் நாங்கள் புதுசு என்றுதான் கூப்பிடுவோம், அடுத்தவர் வரும்வரை. இந்தப் பெண் வெப்சைட்டுக்குப் புரோகிராம் எழுத வந்தவள். ஒல்லி, அதிகம் பேச மாட்டாள், எதையும் நேராகப் பார்த்துக் கேட்பாள். சோதனைக் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். சாப்பிடும்போது ஒருநாள் என்னிடம் சொன்னாள், இதற்கு முன்னால் ஒரு இடத்தில் சோதனைக் காலம் முடியுமுன்பே போகச் சொல்லிவிட்டார்களாம். இங்கேயும் அப்படி ஆகிவிட்டால் மூன்றாவதாகக் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள், வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நான் வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அக்கா யதார்த்தமாக அத்தானிடம் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். "ஒரு இடத்துல அனுப்பினாங்கன்னா ஏன் அனுப்பினாங்க?" என்று ஆரம்பித்தார். மறுநாள் ஆபீசுக்கு வந்தவர் முதல் காரியமாகக் காவலைக் கூட்டினார். அவள் கை வைக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு காவல். நம்பர் போடும் பக்கத்துக்கு ஒன்று, முடிவு வரும் பக்கத்துக்கு ஒன்று, டாக்டர்கள் உள்ளே நுழையும் பக்கத்துக்கு ஒன்று, அவள் போன வாரம் எழுதியதற்குத் தனியாக ஒன்று. பிறகு எத்தனை சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இவர் கண் கூடவே போய்விட்டு வந்தது. கண்கொத்திப் பாம்பு என்பார்களே, அந்தப் பார்வை.

வெப்சைட் மெதுவாக ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

முதலில் ஓரிரண்டு போன்கள். நம்பரைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். பிறகு சாயங்கால நேரத்தில் போனை வைக்க விடாமல் அடித்தார்கள். ஒரு அம்மா, குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, முடிவைப் பார்த்துத்தான் மருந்து தருவேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மதியத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அழுதேவிட்டார். நான் கீழே ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்து போனில் வாசித்துக் காட்டினேன். அப்படி எத்தனை பேருக்கு வாசிக்க முடியும்?

அத்தான் சர்வரைத் திறந்து பார்த்தார். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. சர்வருக்கு மூளை களைத்திருக்கிறதா என்று பார்த்தால் இல்லை, பாதிக்குமேல் சும்மாதான் இருக்கிறது. ஆனால் பிராசஸ் ஒன்றுகூடச் சும்மா இல்லை. எல்லாம் யாரிடமோ மாட்டிக்கொண்டு நிற்கின்றன. யாரிடம் என்று பதிவைப் பார்த்தால், வழக்கமாக வருகிற நோயாளிகளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. கவுண்டரில் ஆட்கள் எல்லாம் மும்முரம், எதிரே நிற்பவர்களைக் காணோம் என்றால் சந்தேகம் வராதவனுக்கும் வரும். இவருக்குச் சொல்ல வேண்டுமா?

பிராசஸ்களைக் கூட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிழைத்தது. பிறகு மெமரி நிறைந்து, முன்பு மெதுவாக வந்தது அப்புறம் வரவே இல்லை. திரும்பக் குறைத்தார். காவலை மட்டும் குறைக்கவில்லை. ஊரில் திருட்டு நடக்கும்போது யாராவது காவலை எடுப்பார்களா? இன்னும் கொஞ்சம் அடிக்கடி பார்க்கும்படி மாற்றிவைத்தார்.

"இவ வந்ததுக்கு அப்புறம்தான் இது. வேலியே பயிரை மேயுது" என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தச் சமயத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல்லும் வலித்துக்கொண்டிருந்தது. சந்தேகமும் பல்வலியும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் அறை முழுக்க அது தொற்றிக்கொண்டது. அவள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால் நான்கூடக் காதைத் தீட்டினேன். அவள் கம்ப்யூட்டரை ஏன் சீக்கிரமாக மூடினாள் என்று கணக்கெழுதுகிறவர் என்னிடம் வந்து கேட்டார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் அறையில் ஒருவருக்குத்தான் காமாலை, மஞ்சளாகத் தெரிந்தது எல்லோருக்கும்.

ஒருநாள் அவள் எழுந்து நேராக அத்தான் மேஜைக்கு வந்தாள். நான் போனை ஏந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க சீட்லேர்ந்து ஏதாவது ஓடுதா?"

அத்தான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கேக்கறீங்க?"

"இல்ல சார், பிராசஸ் எல்லாம் யாருக்குப் பதில் சொல்லிட்டிருக்குன்னு ஓடும்போதே பார்த்தேன். அதான்..."

"என் சீட்ல என்ன ஓடுதுன்னு பார்க்கச் சொல்லி உங்களை யாராவது கேட்டாங்களா?"

அவள் முகம் சிவந்துபோனது. திரும்பித் தன் இடத்துக்குப் போனாள். அத்தான் அப்போதே உட்கார்ந்து பெரிய டாக்டருக்கு எழுதினார். பெரிய டாக்டர்தான் கூடத்துக்கு முதலாளி. புதிதாக வந்தவர் தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மூக்கை நுழைக்கிறார், சர்வருக்கு வந்திருக்கும் கோளாறு அவர் வந்த நாளிலிருந்துதான் என்று எழுதினார். பெரிய டாக்டர் அத்தானைக் கூப்பிட்டனுப்பினார். அத்தான் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்தப் பெண்ணின் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது, கோளாறு அவளால்தான் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் சனிக்கிழமை மதியம் கூப்பிட்டு வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறேன், உங்கள் வார்த்தைதான் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அத்தான் மேல் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. அவள் திருடி என்றே வைத்துக்கொண்டாலும், கேள்வி கேட்டதற்கா ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைப்பது? அன்று அவர் டீ குடிக்கக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. நான் ஏன் வரவில்லை என்று அக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவளும் நானும் ஒரு கட்சியோ என்று.

வெள்ளிக்கிழமை அத்தானுக்குப் பல்லைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. லீவு போடாமல் முடியாது. ஆனால் அவர் இல்லாத நாளில் அவர் கம்ப்யூட்டரில் யாராவது உட்கார்ந்துவிட்டால்? யாராவது என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை புறப்படும்போது கம்ப்யூட்டரை நிறுத்தி, அதன் மின்சார வயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆபீசில் வயரா பஞ்சம், வேறு ஒன்றைச் சொருகிவிடலாமே என்று சொல்ல வாய் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் காவல் இல்ல. நீதான் கண்ணு" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள், தன் இடத்தில் உட்கார்ந்தாள், வேலை பார்த்தாள். அத்தான் மேஜைப் பக்கம் திரும்பவில்லை. என் போன் அடிக்கவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஏதோ குறைகிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டு முடித்தபோது, இன்றைக்கு முழுச்சோற்றையும் சூடாகவே தின்றோமே என்று உறைத்தது. சாயங்காலம்தான் உச்ச நேரம். அப்போதும் இல்லை. ஒருவர் மட்டும் கூப்பிட்டார், அதுவும் நாளைக்குக் கூடம் திறந்திருக்குமா என்று கேட்க. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு என் கைபேசியிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. அத்தானோடு பழகிப் பழகி எனக்கும் அந்தக் குணம் வந்துவிட்டது.

நான் எப்போதோ கொடுத்த ரத்தத்தின் நம்பரைப் போட்டு வெப்சைட்டைத் திறந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

ஆபீஸ் விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் குறைந்தது அந்தப் பெண்ணை விட்டுவிடுவார் என்று. அவர் கண் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

"மாட்டிக்கிட்டா பார்" என்றார். வீங்கிய வாயில் பாதி வார்த்தைதான் வந்தது. "நான் இல்லாத அன்னைக்கு ஒழுங்கா ஓடுது. நான் இருந்தா ஓடல. அப்போ நான் இருக்கும்போது மட்டும் யாரோ வேணும்னே பண்றாங்க. எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தர."

"காவல் இல்லாத நாள்ல பண்ணியிருக்கலாமே அத்தான்? அன்னைக்குத்தானே வசதி?"

"அதான் புத்திசாலித்தனம். நான் லீவு போட்டதும் நல்லா ஓடிச்சுன்னா, கோளாறு என்னாலன்னு டாக்டர் நினைக்கணும். அதுக்குத்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனிடம் எதைச் சொன்னாலும் அது அந்தப் பெண்ணின் தலையில்தான் போய் விழுகிறது. நல்லது நடந்தாலும் அவள் சதி, கெட்டது நடந்தாலும் அவள் சதி. நாளை மதியம் டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன், இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே, என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். "நான் இருக்கும்போது இருக்கிறது. நான் இல்லாதபோது இல்லை. அப்படியென்றால்..."

அக்கா அதற்குள் அவர் சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்திருந்தாள். நேற்றிலிருந்து கழுவாமல் கிடந்த டப்பா நாறுகிறது என்று திட்டிக்கொண்டே அதை வெளியே எடுத்தவள், அதோடு வந்த வயரையும் எடுத்து மேஜைமேல் போட்டாள். இதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க, இதுவும் கழுவணுமா என்று கேட்டாள்.

அத்தான் வயரைப் பார்த்தார். கறுப்பு வயர், சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. அவர் வாய், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பதற்காக ஒருமுறை திறந்தது. "அப்படியென்றால்..." என்றார் மறுபடியும். மேலே வரவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். கள்ளனைத் தேடிக்கொண்டு போனவர் கண்ணாடி எதிரே போய் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. துணி கட்டிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பல் வலிக்குதா என்று அக்கா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வயர் மேஜைமேல் இருந்தது, சொருகவில்லை. இருண்ட திரைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், போன் அடித்தால் கையைத் தூக்கு என்று மட்டும் சொன்னார். நான் உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. காலையில் முடிவு பார்க்கிற கூட்டமும் உண்டு, சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயரைச் சொருகினார். கம்ப்யூட்டர் விழித்தது, காவல்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. நான் ஒரு டீ குடித்திருப்பேன், போன் அடித்தது. சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார் ஒருவர். கையைத் தூக்கினேன். அடுத்தது. மறுபடியும் தூக்கினேன். அத்தான் குனிந்து வயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் போன் ஓய்ந்தது.

தற்செயலாக இருக்கலாம் என்றார். மறுபடியும் சொருகினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பூட்டை இழுத்த அதே கை, அதே மாதிரி திரும்பத் திரும்ப வயரை இழுத்தது. போன் அடித்தது, ஓய்ந்தது, அடித்தது. கடைசியாகப் பிடுங்கியபோது அவர் அதைச் சொருகவில்லை. அவர் போட்ட காவல் ஒவ்வொன்றும் ஒரு பிராசஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்லா இருக்கியா நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பிராசஸ் ஒரு முழு முடிவுத்தாளைப் புதிதாகத் தயாரித்துக் காட்டியிருக்கிறது. பதில் தாமதமாக, காவல் திரும்பக் கேட்க, இன்னொரு பிராசஸ் அதற்கு ஓட, காய்ச்சல்காரக் குழந்தையின் அம்மா வெளியே நின்றிருக்கிறார். வேலி பயிரை மேய்ந்தது உண்மைதான். வேலியைப் போட்டவர் அவர்.

புதுசு தன் இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் பெரிய டாக்டர் மூன்று பேரையும் கூப்பிட்டார். என்னைப் போன் விஷயத்துக்குச் சாட்சியாக. அவள் கைப்பையோடே வந்திருந்தாள். மேஜையைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அத்தானும் பார்த்தார். டாக்டர் உட்காரச் சொன்னார், அத்தான் உட்காரவில்லை.

"புகார் எழுதினது நான்தான் சார். கோளாறும் நான்தான்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வீங்கிய வாயால் மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல், காவலை ஏன் கூட்டினேன் என்பது உட்பட. இந்தப் பெண்ணை நம்பாததால் என்று அவள் முன்னாலேயே சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிவில் ஏன் தெரியவில்லை என்று கேட்டார். என் இருக்கையை மட்டும் எழுதாதே என்று நான்தான் சொல்லிவைத்தேன் என்றார் அத்தான்.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே சார், உங்க மேஜைக்கு வந்தப்பவே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே சார் வந்தேன். நீங்க அதைப் புகாரா எழுதிக் குடுத்தீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நம்பர் கேட்டால் நம்பர் சொல்வது மாதிரி சொன்னாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, அக்கா இதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். என் அத்தான் ஒருவர் முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் வேலை நிரந்தரம் என்றார். ஒரே ஒரு காவல் போதும், அதுவும் எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும், அதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்றார். முடிவுத்தாளை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்தால் பிராசஸ் இவ்வளவு நேரம் மாட்டிக்கொள்ளாது என்று அவள் சொன்னாள். அத்தான் உடனே, பழைய தாளையே கொடுத்து ஏமாற்றிவிட்டால் என்று ஆரம்பித்தவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார். பல் பிடுங்கிய இடம் வலித்திருக்கலாம்.

மாடிக்கு வந்ததும் அவள் கைப்பையைத் தன் மேஜையில் வைத்தாள். அத்தான் வயரைச் சொருகினார், காவல்களை எல்லாம் நிறுத்தினார். பிறகு நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தார். எழுந்து நின்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பதிவுல என் சீட்டை எழுதாதேன்னு போட்ட வரி இருக்கு. அதை நீயே எடும்மா."

"நீங்களே எடுங்க சார், பரவாயில்ல."

"இல்ல. நான் எடுத்தா யாரும் பாக்காதப்போ திரும்பப் போட்டுடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு உயரமாக இருந்தது. கீழே கைவிட்டு இறக்கிக்கொண்டாள். பேனாக் கோடு மறைந்துபோனதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவள் அந்த வரியைத் தேடி அழித்தாள்.

"எடுத்துட்டேன் சார். காட்டவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அத்தான் கதவுப் பக்கம் நடந்தார். கதவருகில் போனதும் கால் நின்றது. அந்த நிற்பு எனக்குத் தெரியும், வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியில் நிற்கும் அதே நிற்பு. தோள் லேசாக இந்தப் பக்கம் திரும்பியது.

"உனக்கு டீ வேணுமாம்மா?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமலேயே.